அண்மைப் பக்கமும் அம்புப் பக்கமும்: பொறியியல் வரைபடங்களில் பற்றவைப்புக் குறியீடுகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் வரைபடங்களில் உலோகப் பற்றவைப்பைக் குறிக்கும் குறியீடுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உருப்பெற்றவை. இவற்றை மனப்பாடம் செய்யவேண்டிய சின்னங்களின் பட்டியலாகவே பாடநூல்கள் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. இக்கட்டுரை அவற்றை ஒரு மொழியாகக் கொண்டு, அம்மொழியின் வரலாற்றை ஆராய்கிறது. பார்ப்பவரின் நிலையைச் சார்ந்து பொருள் தந்த தொடக்கக் காலக் குறியீடு, இணைப்பையே சார்ந்து பொருள் தரும் குறியீடாக மாறியதே இவ்வரலாற்றின் மையமான திருப்பம் என்பதும், அத்திருப்பம் இன்னும் முழுமை பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பற்றவைப்பு, குறியீடு, பொறியியல் வரைபடம், சுட்டு, தரநிர்ணயம், அம்புப் பக்கம், மறுபக்கம்.

முன்னுரை

ஒரு பாலத்தையோ கொதிகலனையோ வடிவமைப்பவர் ஓரிடத்தில் இருக்கிறார். அதனைப் பற்றவைப்பவர் வேறோர் இடத்தில் இருக்கிறார். இருவரும் நேரில் சந்திக்காமலே போகலாம். அவர்களை இணைப்பது ஒரு தாள். அத்தாளில் உள்ள சிறு முக்கோணம் ஒன்று கோட்டின் கீழே வரையப்பட்டிருக்கிறதா, மேலே வரையப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து, தகட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா எதில் உலோகத்தை உருக்கி இடுவது என்பது முடிவாகிறது. தவறான பக்கத்தில் இடப்பட்ட பற்றவைப்பும் பார்வைக்குக் குறையற்றதாகவே தோன்றும். எனவே பிழை தொழிற்சாலையில் தென்படாமல், சுமை ஏறியபின் வெளிப்படக்கூடும்.

உலோகத்தை உலோகத்தோடு பற்றச்செய்யும் தொழிலுக்குத் தமிழில் பழைய சொல்வளம் உண்டு. பொற்கொல்லர் பயன்படுத்தும் இணைப்புப் பொடியைக் குறிக்கும் ‘பற்றாசு’ என்னும் சொல்லை அகராதிகள் பதிவு செய்துள்ளன. ஆயினும் பற்றாசு வைத்து ஊதும் கொல்லருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. வடிவமைப்பவரும் செய்பவரும் அங்கு ஒருவரே. அவ்விருவரும் வெவ்வேறு ஆள்களாகப் பிரிந்த பின்னரே குறியீடு தேவையாயிற்று. அத்தேவை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நிறைவேற்றப்பட்டது, எங்கே இன்னும் நிறைவேறாமல் உள்ளது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

தறையாணியிலிருந்து பற்றவைப்புக்கு

முப்பரிமாணப் பொருளை இருபரிமாணத் தாளில் ஐயமின்றி வரையும் முறைக்குக் கணிதவியல் அடிப்படை அளித்தவர் பிரெஞ்சு அறிஞர் கஸ்பார் மோன்ழ். அவருடைய விளக்க வடிவியல் நூல் 1799இல் வெளிவந்தது. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த நீலப்படி முறை பின்னர் வரைபடங்களைப் படியெடுக்கப் பயன்பட்டது. ஒரே வரைபடத்தின் பல படிகள் பல பட்டறைகளுக்குச் செல்ல அது வழிசெய்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரும்புக் கட்டுமானங்கள் பெரும்பாலும் தறையாணிகளால், அதாவது ரிவெட்டுகளால், இணைக்கப்பட்டவை. தறையாணியை வரைபடத்தில் காட்டுவது எளிது. அது இரு தகடுகளையும் ஊடுருவி இருபுறமும் தலை கொண்டு நிற்பது. அதன் இடத்தை ஒரு வட்டத்தால் குறித்தாலே போதும். எந்தப் பக்கம் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. அமெரிக்கக் கட்டுமான வரைபடங்களில் பட்டறையில் அடிக்கவேண்டிய தறையாணிக்கு வெறும் வட்டமும், களத்தில் அடிக்கவேண்டியதற்கு நிரப்பிய கருவட்டமும் பயன்பட்டன.

பற்றவைப்பின் இயல்பு வேறு. ஒரு தகட்டின்மேல் மற்றொன்று செங்குத்தாக நிற்கும் ‘டி’ இணைப்பில் ஒரு மூலையில் மட்டும் பற்றவைக்கலாம்; எதிர்மூலையில் மட்டும் பற்றவைக்கலாம்; இரண்டிலும் பற்றவைக்கலாம். பற்றவைத்தபின் இருக்கும் உலோகத்தை வரைவதும் எளிதன்று. வரைபடம் தீட்டப்படும்போது அது இன்னும் இல்லாத ஒன்று. ஆகவே பொருளின் உருவத்தைக் காட்டும் வரைபடத்திற்குள், செய்யவேண்டிய செயலைக் கூறும் ஏவல் ஒன்றை நுழைக்க வேண்டியதாயிற்று. பற்றவைப்புக் குறியீடு படம் என்பதைவிட ஏவல் வினைக்கு நெருக்கமானது என்பதை நினைவில் கொண்டால் அதன் அமைப்பு விளங்கும்.

போரும் தரநிர்ணயமும்

மின்வில்லால் உலோகத்தை இணைக்கும் முயற்சி பிரான்சில் 1881இல் ஒகுஸ்த் டி மெரிட்டன்ஸால் மேற்கொள்ளப்பட்டது. அவ்வழியில் சென்ற நிக்கொலாய் பெனார்டோஸ், ஸ்தனிஸ்லாவ் ஒல்ஷெவ்ஸ்கி ஆகியோர் கரிமின்வாய் முறைக்கு 1885இல் பிரிட்டிஷ் காப்புரிமையும் 1887இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றனர். ஆயினும் நெடுங்காலம் பற்றவைப்பு பழுதுநீக்கும் கலையாகவே கருதப்பட்டது. பழுது நீக்குபவர் உடைந்த இடத்தைக் கண்ணால் கண்டு வேலை செய்வார். அவருக்கும் குறியீடு வேண்டியதில்லை.

முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, அந்நாட்டுத் துறைமுகங்களில் தடுத்து வைக்கப்பட்டிருந்த செருமானியக் கப்பல்களின் எந்திரங்களை அவற்றின் மாலுமிகளே சேதப்படுத்தியிருந்தனர். அவற்றைச் சீர்செய்வதில் மின்வில் பற்றவைப்பு பெற்ற வெற்றி, புதிய கப்பல்களையே பற்றவைத்துக் கட்டலாம் என்னும் நம்பிக்கையை அளித்தது. போர்க்காலப் பற்றவைப்புக் குழுவில் பணியாற்றிய ஹார்வர்டு பேராசிரியர் கம்ஃபர்ட் ஆடம்ஸின் முயற்சியால் 1919இல் அமெரிக்கப் பற்றவைப்புக் கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் முழுவதும் பற்றவைக்கப்பட்ட ‘ஃபுல்லகார்’ என்னும் கடலோடும் கப்பல் நீரில் இறக்கப்பட்டது.

பழுதுநீக்கம் என்னும் நிலையிலிருந்து கட்டுமானம் என்னும் நிலைக்குப் பற்றவைப்பு உயர்ந்ததும், வடிவமைப்பவரும் பற்றவைப்பவரும் பிரிந்தனர். “இங்கே நன்றாகப் பற்றவைக்கவும்” என்பது போன்ற எழுத்துக் குறிப்புகள் பெருங்கட்டுமானங்களுக்குப் போதவில்லை. எவ்வகை, எவ்வளவு பெரியது, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம், பட்டறையிலா களத்திலா என்பவற்றை ஒரே பார்வையில் கூறும் சுருக்க வடிவம் வேண்டப்பட்டது. பல நாடுகளின் கழகங்களும் தரநிர்ணய அமைப்புகளும் தத்தம் குறியீட்டுத் தொகுதிகளை வகுத்தன. அவற்றுள் அமெரிக்கக் கழகத்தின் முறை பசிபிக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் பரவியது; ஐரோப்பிய நாடுகளின் முறைகள் பின்னர்ப் பன்னாட்டுத் தரத்தின் ஒரு கிளையாயின.

குறியீட்டின் இலக்கணம்

இம்முறைகள் அனைத்திற்கும் பொதுவான உறுப்புகள் உண்டு. கிடையாக வரையப்படும் ஆதாரக் கோடு அவற்றுள் முதன்மையானது. அதன் ஒரு முனையிலிருந்து புறப்படும் அம்புக்கோடு இணைப்பைத் தொடுகிறது. மறுமுனையில் தேவையானால் ஒரு வால் அமைந்து, பற்றவைப்பு முறை முதலிய சிறப்புச் செய்திகளைத் தாங்குகிறது. ஆதாரக் கோட்டின்மீது அமரும் சிறு உருவம் பற்றவைப்பின் வகையைக் கூறுகிறது. மூலைப் பற்றவைப்புக்கு முக்கோணம், விளிம்பு சாய்த்த முனைப் பற்றவைப்புக்கு ‘வி’ வடிவம் என அவ்வுருவங்கள் பெரும்பாலும் பற்றவைப்பின் குறுக்குவெட்டையே ஒத்திருக்கின்றன. அமெரிக்க மரபு இச்சிறு உருவத்தையும், கோடு, அம்பு, எண் அனைத்தும் சேர்ந்த முழு அமைப்பையும் இருவேறு பெயர்களால் வேறுபடுத்துகிறது. சொல்லுக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது.

சொல் வரிசைக்கும் விதி உண்டு. உருவத்தின் இடப்புறம் அளவும், வலப்புறம் நீளமும் எழுதப்படும். முக்கோணத்தின் செங்குத்துக் கோடு, அம்பு எத்திசையில் இருப்பினும், எப்போதும் இடப்பக்கமே நிற்கும். இவ்விதி சிறிதாகத் தோன்றினாலும் கருத்து ஆழமுடையது. உருவம் குறுக்குவெட்டை ஒத்திருப்பினும் அது இணைப்பின் படம் அன்று என்பதை இவ்விதி உறுதிசெய்கிறது. உண்மையான தகடு வலப்பக்கம் நிமிர்ந்து நின்றாலும் குறியீட்டில் செங்கோடு இடமே நிற்கும். குறியீட்டைப் படமாகப் பார்க்கும் மாணவர் தடுமாறும் முதலிடம் இதுவே.

களத்தில் செய்யவேண்டிய பற்றவைப்பைப் பழைய அமெரிக்க வரைபடங்கள் அம்பும் ஆதாரக் கோடும் கூடுமிடத்தில் ஒரு கரும்புள்ளியால் குறித்தன. களத் தறையாணியின் கருவட்டத்தோடு இப்புள்ளிக்குள்ள ஒப்புமை தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு. புதிய தொழில் தன் முன்னோடியின் குறியைக் கடன் பெற்றிருக்கலாம். ஆனால் இணைப்பைச் சுற்றி முழுவதும் பற்றவைக்கவேண்டும் என்பதைக் காட்டும் சிறு வட்டமும் அதே இடத்தில்தான் வரையப்படுகிறது. மங்கிய படியில் வட்டமும் புள்ளியும் ஒன்றாகத் தோன்ற வாய்ப்புண்டு. இன்று அப்புள்ளியின் இடத்தில் ஒரு சிறு கொடி நிற்கிறது. அதனை வட்டமாக எவரும் மயங்கமாட்டார்.

சுட்டின் சிக்கல்

இக்குறியீட்டு வரலாற்றின் முதன்மையான மாற்றம் பக்கத்தைக் குறிக்கும் முறையில் நிகழ்ந்தது. தொடக்கக் கால அமெரிக்க நடைமுறையில் இணைப்பின் இரு பக்கங்களும் அண்மைப் பக்கம், சேய்மைப் பக்கம் என வழங்கப்பட்டன. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அருகில் உள்ளது அண்மைப் பக்கம். அப்பால் உள்ளது சேய்மைப் பக்கம். இது இயல்பான முறையாகத் தோன்றும். ஆனால் ஓர் இணைப்பை வெட்டுத்தோற்றத்தில் வரைந்தால் அதன் இரு பக்கங்களும் தாளின்மீது இடமும் வலமுமாக, பார்ப்பவரிடமிருந்து ஒரே தொலைவில் கிடக்கின்றன. அப்போது அண்மை எது, சேய்மை எது? அமெரிக்க இராணுவத்தின் பற்றவைப்புக் கையேடு இக்காரணத்தையே சுட்டிக்காட்டி, அச்சொற்கள் குழப்பம் விளைவித்தன என்றும், புதிய முறையில் இணைப்பே அடிப்படை என்றும் விளக்குகிறது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. அண்மைச்சுட்டும் சேய்மைச்சுட்டும் பேசுபவரின் இடத்தைச் சார்ந்தே பொருள் தருவன. தருதல், வருதல் ஆகியவை தன்மை, முன்னிலை இடங்களுக்கும், செல்லல், கொடுத்தல் ஆகியவை படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுப்பதும், பேசுபவரின் நிலை சொல்லின் பொருளில் கலந்திருப்பதை உணர்ந்தே ஆகும். பேசுபவரும் கேட்பவரும் ஓரிடத்தில் இருக்கும்வரை சுட்டு தெளிவானது. எழுதியவர் ஓரிடத்திலும் படிப்பவர் வேறிடத்திலும் இருக்கும்போது சுட்டு தன் பற்றுக்கோட்டை இழக்கிறது.

ஆற்றின் கரைகளை எண்ணிப் பார்க்கலாம். அக்கரை, இக்கரை என்பன நிற்பவரைப் பொறுத்து மாறும். ஆற்றைக் கடந்தவுடன் அக்கரை இக்கரையாகிவிடும். வடகரை, தென்கரை என்பன அவ்வாறு மாறுவதில்லை. காவிரிக் கரைத் திருத்தலங்களை வகைப்படுத்தியவர்கள் வடகரை, தென்கரை என்றே வகுத்தனர். யார் எங்கிருந்து படித்தாலும் மாறாத பெயர்களே பட்டியலுக்குப் பொருந்தும்.

பற்றவைப்புக் குறியீட்டில் நிகழ்ந்ததும் இதுவே. அண்மை, சேய்மை என்னும் சொற்கள் நீங்கி, அம்புப் பக்கம், மறுபக்கம் என்னும் சொற்கள் வந்தன. அம்பின் நுனி இணைப்பின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறதோ அது அம்புப் பக்கம். அதற்கு எதிர்ப்புறம் மறுபக்கம். வரைபடத்தைச் சுழற்றினாலும், பொருளைப் புரட்டி வைத்துப் பற்றவைத்தாலும், அப்பக்கம் அப்பக்கமே. பார்ப்பவரின் கண்ணிலிருந்து பொருளின் உடலுக்குப் பொருள்கோள் இடம்பெயர்ந்தது. பற்றவைப்பவர் தன் வசதிக்காகப் பொருளைக் கவிழ்த்தும் சாய்த்தும் வேலை செய்பவர் என்பதை எண்ணினால், இம்மாற்றம் யாருடைய நன்மைக்கானது என்பது தெளிவாகும்.

இரு மரபுகளும் பன்னாட்டுத் தரமும்

எந்தப் பக்கம் என்பதற்கு இணைப்பைச் சார்ந்த பெயர் கிடைத்தபின்னும், அதனை ஆதாரக் கோட்டில் எவ்வாறு காட்டுவது என்பதில் உலகம் ஒன்றுபடவில்லை. அமெரிக்க மரபில் கோட்டின் கீழே அமைந்த உருவம் அம்புப் பக்கத்தையும், மேலே அமைந்தது மறுபக்கத்தையும் குறிக்கும். பன்னாட்டுத் தர அமைப்பு 1974இல் ஐஎஸ்ஓ 2553 என்னும் தரத்தை வெளியிட்டு, 1984, 1992 ஆம் ஆண்டுகளில் திருத்தியது. 1992ஆம் ஆண்டுப் பதிப்பின் முறையில் ஆதாரக் கோட்டுக்கு இணையாக ஒரு துண்டுக்கோடும் வரையப்படும். தொடர்கோட்டில் அமர்ந்த உருவம் அம்புப் பக்கம். துண்டுக்கோட்டில் அமர்ந்தது மறுபக்கம். துண்டுக்கோடு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். இருபுறமும் ஒரே வகையாகப் பற்றவைக்கும் இடத்தில் அது தேவையில்லை.

2013இல் வெளிவந்த திருத்தம் இரு மரபுகளையும் ‘ஏ’ முறை, ‘பி’ முறை என ஒரே ஆவணத்தில் ஏற்றுக்கொண்டது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பும் அவ்வாறே தொடர்கிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது என்பதும், எம்முறை கையாளப்பட்டது என்பதை வரைபடம் தெளிவாகக் கூறவேண்டும் என்பதும் விதி. இவ்விதியின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். தொடர்கோட்டின் மேலே முக்கோணமும், அதன் கீழே துண்டுக்கோடும் உள்ளதாகக் கொள்வோம். ‘ஏ’ முறையில் இது அம்புப் பக்கப் பற்றவைப்பு. துண்டுக்கோடு படியில் விடுபட்டுப்போனாலோ, படிப்பவர் ‘பி’ முறையில் மட்டும் பயின்றவராக இருந்தாலோ, அதே முக்கோணம் மறுபக்கத்தைக் குறிப்பதாகிவிடும். ஒரே குறி, நேரெதிர்ப் பொருள்.

அளவிலும் இதே நிலை உண்டு. மூலைப் பற்றவைப்பின் அளவை அதன் கால் நீளத்தால் கூறுவது அமெரிக்க வழக்கம். இந்திய விதிகளிலும் அவ்வாறே. செருமனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் தொண்டைத் தடிமனால் கூறுவது மரபு. சமகால் முக்கோணத்தில் தொண்டை காலின் 0.7 பங்கு. வடிவமைப்பவர் 6 மி.மீ. தொண்டையைக் கருதி எழுத, பற்றவைப்பவர் 6 மி.மீ. காலாகக் கொண்டால், கிடைக்கும் தொண்டை 4.2 மி.மீ. மட்டுமே, வலிமையில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். மாறாக, காலைத் தொண்டையாகக் கொண்டால் கால் 8.5 மி.மீ. அளவுக்கு வளர்ந்து, குறுக்குவெட்டுப் பரப்பு 18 ச.மி.மீ.இலிருந்து 36 ச.மி.மீ. ஆகிவிடும். தேவைக்கு இருமடங்கு உலோகமும், அதற்கேற்ற வெப்பமும் தகட்டில் சேர்ந்து, அதனை நெளியச் செய்யும். இதனாலேயே ஐஎஸ்ஓ தரம் எண்ணுக்கு முன் ‘ஏ’ (தொண்டை) அல்லது ‘இசட்’ (கால்) என்னும் எழுத்தை இடப் பணித்தது.

விட்டுவிட்டு இடப்படும் பற்றவைப்பிலும் வேறுபாடு தொடர்கிறது. 50, 150 என்னும் எண்களில் இரண்டாவதை அமெரிக்க முறை ஒரு துண்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரையுள்ள தொலைவாகக் கொள்கிறது. ‘ஏ’ முறை இரு துண்டுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடமாகக் கொண்டு அடைப்புக்குறிக்குள் எழுதுகிறது. முதல் முறையில் நீளத்தின் மூன்றில் ஒரு பங்கும், இரண்டாவதில் நான்கில் ஒரு பங்கும் மட்டுமே பற்றவைக்கப்படும்.

இந்தியாவில் பற்றவைப்புக் குறியீடுகளுக்கான ஐஎஸ் 813 தரம் 1961இல் வெளிவந்து, 1986இல் திருத்தம் பெற்றது. இந்தியத் தொழிற்சாலைகள் பல நாடுகளின் துணையோடு எழுந்தவை. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட இரயில்பெட்டித் தொழிற்சாலை சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் ஒத்துழைப்போடு முழுவதும் பற்றவைக்கப்பட்ட எஃகுப் பெட்டிகளை உருவாக்கியது. திருச்சிராப்பள்ளியின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1960களில் செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் எழுந்து, பின்னர் அமெரிக்க நிறுவனத்தின் தொழில்நுட்பத்தையும் பெற்றது. அவ்வூரிலேயே 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்தது. ஐரோப்பிய, அமெரிக்கத் தொழில்நுட்ப மரபுகள் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து வந்து சேரும் நாட்டில், ‘எம்முறையில் வரையப்பட்டது’ என்னும் வினா முதல் வினாவாக அமையவேண்டும்.

குறியீட்டின் எல்லை

குறியீட்டைச் சரியாகப் படித்தால் இணைப்பு வலுவாகிவிடும் என்று கொள்வதும் பிழையாகும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,700க்கும் மேற்பட்ட ‘லிபர்டி’ சரக்குக் கப்பல்களைப் பற்றவைத்துக் கட்டியது. போர்க்காலக் கப்பல்கள் பலவற்றில் விரிசல்கள் தோன்றின. 1943 சனவரி 16 அன்று ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில், அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்த ‘ஸ்கெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் தன்மை கொண்ட எஃகு, கூர்மூலைகளில் குவிந்த தகைவு, பற்றவைப்புக் குறைகள் ஆகியவை இத்தகைய முறிவுகளுக்குக் காரணங்களாக அறியப்பட்டன. எஃகின் இயல்பைப் பற்றிக் கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் செய்த ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

முக்கோணமும் எண்ணும் எஃகின் தரத்தையோ, உள்ளே மறைந்த குறையையோ கூறமாட்டா. எனவே சோதனையையும் ஏவலில் சேர்க்கவேண்டிய தேவை எழுந்தது. அமெரிக்கக் கழகம் 1976இல் வெளியிட்ட ஏ2.4 தரம் பற்றவைப்புக் குறியீடுகளையும் சிதைக்காச் சோதனைக் குறியீடுகளையும் ஒருங்கே கொண்டது. ‘இதைச் செய்க’ என்னும் ஏவலோடு ‘செய்ததை இவ்வாறு சரிபார்க்க’ என்னும் ஏவலும் இணைந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பற்றவைப்புக் குறியீடு வடிவமைப்பவரும் செய்பவரும் பிரிந்ததால் தோன்றியது. அது பொருளின் படமன்று, தொலைவிலிருந்து விடுக்கப்படும் ஏவல். இரண்டாவது, அண்மை, சேய்மை என்னும் சுட்டுப் பெயர்களிலிருந்து அம்புப் பக்கம், மறுபக்கம் என்னும் இணைப்புசார் பெயர்களுக்கு நிகழ்ந்த மாற்றமே அவ்வேவலைத் தொலைவு கடந்தும் நிலைக்கச் செய்தது. மூன்றாவது, கோட்டின் மேல், கீழ் என்பதும், எண் எதனை அளக்கிறது என்பதும் இன்னும் படிப்பவரின் பயிற்சியைச் சார்ந்தே உள்ளன. அவ்வளவில் பழைய சுட்டின் சிக்கல் தாளின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்திருக்கிறதே அன்றி, முற்றிலும் நீங்கவில்லை.

தமிழில் தொழிற்கல்விப் பாடம் எழுதுவோர் இவ்வரலாற்றிலிருந்து ஒரு பயனைப் பெறலாம். குறிகளின் அட்டவணையை முதலில் தராமல், ஓர் இணைப்பைக் கையில் கொடுத்து, அதன் ஒரு பக்கத்தில் விரலை வைக்கச்செய்து, “இதுவே அம்புப் பக்கம்” எனத் தொடங்கலாம். பின்னர் அதனைப் புரட்டச் சொல்லலாம். விரல் தொட்ட பக்கம் மாறவில்லை என்பதை உணர்ந்த மாணவருக்கு எஞ்சியவை விதிகள் மட்டுமே. அவ்விதிகளைப் பயன்படுத்துமுன் வரைபடத்தின் மூலையில் எம்முறை குறிக்கப்பட்டுள்ளது என்று பார்க்கும் பழக்கத்தையும் அதே வகுப்பில் ஊட்டுதல் நன்று.